டாக்டர் பட்டங்களை எண்ணிய கதை



"இந்தத் துறையில் இத்தனை பேர் தேறினார்கள், இன்னும் இத்தனை ஆயிரம் பேர் தேவைப்படுவார்கள்" என்ற செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். எண்ணோடு வரும் செய்திக்கு மக்களிடம் தனி மதிப்பு உண்டு. ஒருவர் வெறும் வாயால் சொன்னால் "அப்படியா?" என்று கேட்கிறோம். அதையே கணக்கோடு சொன்னால் "அப்படித்தான் இருக்கும்" என்று நம்பிவிடுகிறோம். அந்தக் கணக்கை எடுத்தவர் யார், எப்படி எடுத்தார் என்று கேட்பதில்லை.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கணக்கின் அருமை நன்றாகத் தெரியும். காலையில் பெரட்டில் பெயர் பதிவாகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கிராணியார் புத்தகத்தில் ஓர் எண் தவறினால் மாதக் கடைசியில் அடுப்பில் அது தெரியும். ஒரு குடும்பத்துக்கு இது எப்படியோ, ஒரு நாட்டுக்கும் அப்படியே. நாட்டின் கணக்கு தவறினால் அதன் விளைவு பிள்ளைகளின் வாழ்க்கையில் தெரியும்.

கல்வியில் மிக உயர்ந்த பட்டமாகிய டாக்டர் பட்டத்தை ஒரு பெரிய நாடு எப்படி எண்ணி வந்தது, அந்த எண்களை நம்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்று பார்ப்போம். அந்த நாடு அமெரிக்கா. நோய்க்கு மருந்து கொடுக்கும் டாக்டரைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து, ஆய்வேடு எழுதிப் பெறுகிற பி.எச்.டி. பட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே ஒரு பெரிய குழப்பத்துக்குக் காரணமாக வரப்போகிறது.

அமெரிக்காவில் முதன்முதலாக பி.எச்.டி. பட்டம் கொடுத்தது யேல் பல்கலைக்கழகம். 1861ஆம் ஆண்டில் மூன்று பேர் அதைப் பெற்றார்கள். அதற்கு முன் உயர்ந்த ஆராய்ச்சிக் கல்வி வேண்டுமென்றால் அமெரிக்க இளைஞர்கள் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகவேண்டியிருந்தது. 1876ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கு முதலிடம் கொடுத்துத் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் எட்வர்ட் பூஷே என்ற கறுப்பின இளைஞர் யேல் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் பட்டம் பெற்றார். அந்நாட்டில் பி.எச்.டி. பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அடிமை முறை ஒழிந்து பதினோர் ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பட்டங்களை எண்ணும் வேலையும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. 1867ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கல்விக்கென ஓர் அரசு அலுவலகம் ஏற்பட்டது. பள்ளிகளையோ கல்லூரிகளையோ நடத்துவது அதன் வேலை அன்று. நாட்டின் கல்வி நிலையைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வெளியிடுவதே அதன் தலையாய கடமை. கல்லூரிகள் என்ன எழுதி அனுப்பினவோ அதைத்தான் அலுவலகம் கூட்டிப் போட முடிந்தது.

அன்றைய கல்லூரிகளில் சில, ஆராய்ச்சி எதுவும் செய்யாத பெரிய மனிதர்களுக்கும் கௌரவத்துக்காக பி.எச்.டி. பட்டம் கொடுத்து வந்தன. பாடுபட்டுப் படித்தவருக்கும் அதே எழுத்துகள், மாலை போட்டு மரியாதை செய்யப்பட்டவருக்கும் அதே எழுத்துகள். கற்றறிந்தவர்களின் சங்கங்கள் இந்த வழக்கத்தைக் கண்டித்தன. 1900ஆம் ஆண்டில் பதினான்கு பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. பட்டத்தின் தரத்தைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. எண்ணப்படும் பொருள் ஒரே தரமாக இல்லாவிட்டால் எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை என்பது அவர்களுக்கு அப்போதே விளங்கியிருந்தது.

அரசுப் பதிவுகளில் உள்ள எண்களைக் கேளுங்கள். 1869-70ஆம் கல்வியாண்டில் நாடு முழுவதிலும் டாக்டர் பட்டம் பெற்றவர் ஒரே ஒருவர். 1899-1900இல் 382 பேர். 1939-40இல் 3,290 பேர். 1959-60இல் 9,829 பேர். அடுத்த பத்தே ஆண்டுகளில், 1969-70இல், ஏறத்தாழ 30,000 பேர்.

இந்தக் கடைசிப் பாய்ச்சலுக்குக் காரணம் உண்டு. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் என்ற செயற்கைக் கோளை வானில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. விஞ்ஞானிகள் வேண்டும், ஆசிரியர்கள் வேண்டும் என்று அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. 1958ஆம் ஆண்டில் அதற்கென ஒரு கல்விச் சட்டமே வந்தது.

அதே காலத்தில், 1957-58ஆம் கல்வியாண்டில், பட்டம் பெறுவோரைத் தனித்தனியாக எண்ணும் ஒரு கணக்கெடுப்பும் தொடங்கியது. அது இன்றுவரை ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அதன் முறையைச் சற்று விளக்குகிறேன்.

ஒருவர் ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் பெறும் நேரத்தில் அவர் கையில் ஒரு பாரம் கொடுக்கப்படுகிறது. எங்கே பிறந்தீர்கள், தாயும் தந்தையும் எதுவரை படித்தார்கள், எந்தப் பள்ளியில், எந்தக் கல்லூரியில் படித்தீர்கள், பட்டத்துக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று, செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே வேலைக்குப் போகிறீர்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அதை நிரப்பிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். நிரப்பாதவர்களின் அடிப்படை விவரங்களைப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடுகிறது. 1957க்கு முன் பட்டம் பெற்றவர்களின் விவரங்களையும் பழைய பதிவுகளிலிருந்து திரட்டி, 1920ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பெரும்பாலான புள்ளிவிவரங்கள் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன. சிலரைக் கேட்டுப் பலரைக் கணிக்கிறார்கள். இந்தக் கணக்கெடுப்போ பானையில் உள்ள ஒவ்வொரு சோற்றையும் எண்ணிப் பார்ப்பது. ஆகவே உலகில் நம்பத்தக்க கல்விக் கணக்குகளில் இதுவும் ஒன்று எனலாம்.

அந்தப் பாரத்தில் உள்ள ஒரு கேள்வி நம் போன்றவர்களுக்கு முக்கியமானது. தாயும் தந்தையும் எதுவரை படித்தார்கள் என்ற கேள்வியைச் சொல்கிறேன். கல்லூரி வாசலை மிதிக்காத பெற்றோரின் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தப் பட்டம் வரை வந்தார்கள் என்பதை அதிலிருந்து அறியலாம். பழைய ஆண்டுகளில் அத்தகைய பிள்ளைகளின் பங்கு பெரிதாக இருந்தது. போகப்போக அது சுருங்கி வந்திருக்கிறது. படித்தவர் தொகை கூடியது ஒரு காரணம். ஆனாலும் ஏழை வீட்டுப் பிள்ளை பின்தங்குகிறதா என்று கேட்பதற்கு இந்த எண் ஒரு கைவிளக்கு. கேள்வியே கேட்டிருக்காவிட்டால் அந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் தெரிந்திருக்கமாட்டார்கள்.

இவ்வளவு நல்ல கணக்கிலும் ஒரு குறை உண்டு, நேயர்களே. பட்டம் பெற்றவரை மட்டுமே அது எண்ணுகிறது. பாதியில் விட்டுப் போனவர் அதில் இல்லை. அமெரிக்காவில் இதைத் தனியே ஆராய்ந்தபோது, ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் பத்து ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர்தாம் என்று தெரிந்தது. கரை சேர்ந்த படகை எண்ணுவது சுலபம். நடுவில் நின்றுபோன படகை எண்ணவும் ஆள் வேண்டும்.

இனி, எண்களை நம்பி ஏமாந்த கதைக்கு வருவோம்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எங்கும் ஒரே பேச்சு. கல்லூரிக்கு வரும் மாணவர் தொகை பெருகுகிறது, டாக்டர் பட்டம் பெற்ற ஆசிரியர்களோ போதமாட்டார்கள் என்றார்கள். அரசுக் கல்வி அலுவலகமும் ஆசிரியர் சங்கமும் இதற்குக் கணக்குக் காட்டின. புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களில் டாக்டர் பட்டம் உள்ளவர்களின் பங்கு குறைந்து வருகிறது என்பது அவர்களின் ஆதாரம்.

ஆலன் கார்ட்டர் என்ற பொருளியல் அறிஞர் 1965ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கணக்கு சொல்வதும் கல்லூரிகளில் கண்ணுக்குத் தெரிவதும் ஒத்துவரவில்லை என்று அவர் எடுத்துக் காட்டினார். வேலைக்குச் சேரும்போது பட்டம் இல்லாத பலர், பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியையும் முடித்துப் பின்னால் பட்டம் பெற்றுவிடுகிறார்கள். சேர்ந்த நாளில் மட்டும் அவர்களைப் பார்த்து, "இவர்களுக்குப் பட்டம் இல்லை" என்று எழுதி வைத்தால் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? நேற்று வேலைக்கு வந்தவரின் முதல் நாள் வெட்டைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் மரம் சீவத் தெரிந்தவரே இல்லை என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

கார்ட்டர் இன்னொன்றும் சொன்னார். குழந்தைப் பிறப்புக் கணக்கைப் பாருங்கள், மாணவர் தொகை என்றும் இதே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்காது, 1970ஐ ஒட்டிப் பற்றாக்குறை தீர்ந்து, பட்டதாரிகள் மிகுந்துபோகும் நிலை வரும் என்றார். அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. எல்லாரும் "பஞ்சம்" என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் "மிச்சம்" என்றால் யார் கேட்பார்கள்?

1970களின் தொடக்கத்தில் அவர் சொன்னதே நடந்தது. 1973ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர் தொகை 33,000ஐத் தாண்டியது. வேலைகளோ குறைந்துகொண்டு வந்தன. ஆறு, ஏழு ஆண்டு பாடுபட்டுப் படித்தவர்கள் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள். "உங்களுக்காக வேலை காத்திருக்கிறது" என்று சொன்ன கணக்குக்கு எந்த நட்டமும் இல்லை. அதை நம்பியவர்களுக்கே நட்டம்.

இவ்வளவு பட்ட பிறகாவது பாடம் படித்தார்களா? பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே கதை மறுபடியும் நடந்தது.

அமெரிக்காவில் அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அரசு நிறுவனம் தேசிய அறிவியல் அறக்கட்டளை. மேலே சொன்ன நல்ல கணக்கெடுப்புக்குப் பணம் கொடுப்பதும் அதுவே. அதில் இருந்த வேறொரு பிரிவு, 1980களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2006ஆம் ஆண்டுக்குள் 6,75,000 விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும் குறைவுபடுவார்கள் என்பது அதன் முடிவு. பத்திரிகைகளும் பல்கலைக்கழகத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் அந்த எண்ணை எடுத்துப் பேசினார்கள்.

அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? இருபத்திரண்டு வயது இளைஞர்களின் தொகை குறையப் போகிறது என்று பிறப்புக் கணக்கிலிருந்து தெரிந்தது. ஆகவே அறிவியலில் முதல் பட்டம் பெறுவோரும் குறைவார்கள் என்று கணித்தார்கள். 1984 முதல் 1986 வரை ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை பேர் பட்டம் பெற்றார்களோ, அதற்கு ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு குறையும் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். அந்தக் கூட்டுத்தொகைக்குப் "பற்றாக்குறை" என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் எத்தனை வேலைகள் இருக்கும், எத்தனை பேரை முதலாளிகள் எடுப்பார்கள் என்ற கேள்வியே அதில் இல்லை. கடைக்குப் போகும் பையில் போன மாதம் பத்துப் பொருள் இருந்தது, இந்த மாதம் எட்டு இருக்கிறது, ஆகவே வீட்டில் இரண்டு பொருளுக்குப் பஞ்சம் என்று சொல்வதைப் போன்றது இது. வீட்டில் எவ்வளவு தேவை என்று யாரும் கேட்கவில்லை.

நடந்தது என்ன? 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. ஆயுதப் போட்டி தணிந்தது. பாதுகாப்புத் துறையின் செலவு சுருங்கியது. டாக்டர் பட்டம் பெறுவோர் தொகையோ ஏறிக்கொண்டே போயிற்று. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 31,000 அளவில் இருந்தது 1995இல் 41,000க்கு மேல் ஆயிற்று. நிலையான வேலை கிடைக்காமல், தற்காலிக ஆராய்ச்சி வேலைகளில் ஒன்று மாற்றி ஒன்றாகப் பலர் காலம் தள்ளினார்கள்.

1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரு குழு இந்த எண்ணைப் பற்றி விசாரணை நடத்தியது. அந்த ஆய்வின் முறை தவறு என்று அறக்கட்டளைக்குள்ளேயே புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லியிருந்தார்கள் என்பது அப்போது வெளியாயிற்று. 1995ஆம் ஆண்டில் அறக்கட்டளையின் தலைவராயிருந்த நீல் லேன், அந்தக் கணிப்பு தவறாகிவிட்டது என்று வருத்தம் தெரிவித்தார். ஓர் அரசு நிறுவனம் தன் எண்ணுக்காக வருந்தியது பாராட்டத்தக்கதே. ஆனால் அதற்குள் ஓர் இளைஞர் கூட்டம் தன் வாழ்க்கையின் சிறந்த ஆண்டுகளைக் கொடுத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற கணக்கு இரண்டு முறையும் பொய்க்கவில்லை. நாளை எத்தனை பேர் வேண்டும் என்ற கணிப்புதான் பொய்த்தது. நடந்ததை எண்ணுவது வேறு. நடக்கப்போவதைச் சொல்வது வேறு. இரண்டும் எண்களாகவே வருவதால் நாம் அவற்றை ஒன்றாக எண்ணி மயங்குகிறோம்.

நடந்ததை எண்ணுவதிலும் மயக்கம் உண்டு. தொடக்கத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அது இங்கே வருகிறது. அமெரிக்காவில் டாக்டர் பட்டங்களை இரண்டு புத்தகங்களில் எண்ணுகிறார்கள். ஒன்று நான் சொன்ன தனியாள் கணக்கெடுப்பு. ஆராய்ச்சிப் பட்டங்களை மட்டும் எண்ணுவது. மற்றொன்று கல்வித் துறையின் புத்தகம். ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த பட்டங்களின் தொகையை அனுப்புவது. மருத்துவர், பல் மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரின் பட்டங்களைக் கல்வித் துறை நெடுங்காலம் "தொழிற்பட்டம்" என்ற தனித் தலைப்பில் வைத்திருந்தது. 2010-11ஆம் ஆண்டு முதல் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு, அவற்றையும் டாக்டர் பட்டத்தோடு சேர்த்துவிட்டது.

விளைவைப் பாருங்கள். அந்த ஆண்டில் கல்வித் துறையின் புத்தகத்தில் டாக்டர் பட்டங்கள் ஒரு லட்சத்து 63 ஆயிரத்துக்கு மேல். 2011ஆம் ஆண்டின் தனியாள் கணக்கெடுப்பிலோ ஏறத்தாழ 49,000. ஒன்று மற்றதைப் போல் மூன்று மடங்கு! எது பொய்? இரண்டும் பொய் அன்று. ஒரு தோட்டத்தில் பாலை மட்டும் நிறுத்து எழுதுகிறார்கள், பக்கத்துத் தோட்டத்தில் கட்டிப்பாலையும் சேர்த்து எழுதுகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்து, "அவன் நம்மைவிட நன்றாக வேலை செய்கிறான்" என்று சொன்னால் அது நியாயமாகுமா?

கல்வித் துறை, பழைய ஆண்டுகளின் எண்களையும் புதிய முறைப்படி மாற்றி எழுதியது. ஆனால் 1969-70 வரைதான் பின்னோக்கிப் போயிற்று. ஆகவே அதன் நீண்ட அட்டவணையில் 1959-60க்கு நேராக 9,829 என்றும், அடுத்த வரியில் 1969-70க்கு நேராக 59,000க்கு மேலும் இருக்கிறது. பத்து ஆண்டில் ஆறு மடங்கு என்று தோன்றும். உண்மையில் ஆராய்ச்சிப் பட்டங்கள் மூன்று மடங்குதான் ஆயின. இந்த விவரம் அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. மேலே உள்ள பெரிய எண்ணைப் படிப்பவர் ஆயிரம் பேர் என்றால், கீழே உள்ள சிறிய எழுத்தைப் படிப்பவர் எத்தனை பேர்?

தனியாள் கணக்கெடுப்பிலும் இப்படி ஒரு மாற்றம் நேர்ந்தது. 2010, 2011ஆம் ஆண்டுகளில், ஆசிரியர் கல்விக்கான டாக்டர் படிப்புகளில் 143 ஆராய்ச்சிப் பட்டம் அல்ல, தொழிற்பட்டம் என்று கண்டு நீக்கப்பட்டன. கல்வித் துறையில் பட்டம் பெறுவோர் தொகை சட்டென்று இறங்கியது. படிப்பவர்கள் குறைந்ததாலேயே அப்படி ஆயிற்று என்று நினைத்தால் தவறு. வேலி இடம் மாறியது; உள்ளே இருந்த மாடுகள் வெளியே ஆயின.

நம் மலேசியாவிலும் 2023ஆம் ஆண்டுக்குள் 60,000 பேர் டாக்டர் பட்டம் பெறவேண்டும் என்று ஓர் இலக்கு வைத்து, மைபிரெய்ன்15 என்ற திட்டத்தின் மூலம் பிள்ளைகளுக்கு உதவித் தொகை கொடுத்தார்கள். நல்ல நோக்கம். இத்தகைய இலக்கைக் கேள்விப்படும்போது நாம் கேட்கவேண்டியவை உண்டு. இங்கே படித்துத் தம் நாட்டுக்குத் திரும்பும் வெளிநாட்டு மாணவர் இந்தக் கணக்கில் சேர்வாரா? வெளிநாட்டில் பட்டம் பெற்று அங்கேயே தங்கிவிட்ட நம் பிள்ளை சேர்வாரா? பட்டம் பெற்ற பின் அவர்களுக்கு என்ன வேலை என்று எண்ணுவோர் உண்டா? கேள்வி கேட்பது குறை சொல்வது ஆகாது. கணக்குக் கேட்பவன் இருந்தால்தான் கணக்கு எழுதுபவன் கவனமாக எழுதுவான்.

பெற்றோர்களே, "எங்கள் வீட்டில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க யார் இருக்கிறார்கள்? இது எங்களுக்கு எதற்கு?" என்று நினைக்காதீர்கள். பட்டம் சிறிதோ பெரிதோ, பிள்ளையின் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது யாராவது ஓர் எண்ணைக் கொண்டு வருவார்கள். "இந்தப் படிப்புக்கு இத்தனை ஆயிரம் வேலை காத்திருக்கிறது" என்பார்கள். சேமித்த பணத்தையும் பிள்ளையின் இளமையையும் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை எண்ணியவர் யார்? எதை எண்ணினார், எதை விட்டுவிட்டார்? இது நடந்த கணக்கா, நடக்கப்போவதாகச் சொல்லும் கணிப்பா? இந்த எண்ணை நாம் நம்புவதால் யாருக்கு லாபம்?

இன்னொன்றும் உண்டு. நாட்டின் கணக்கு எங்கோ தலைநகரத்தில் பிறப்பதில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிறக்கிறது. குடிமதிப்புக்கு வருபவரிடமும் பள்ளிக்கூடப் பாரத்திலும் நாம் கொடுக்கும் விவரமே பின்னால் பெரிய எண்ணாகிறது. "நமக்கென்ன" என்று வெற்றிடமாக விட்டால், நம் பிள்ளைகள் கணக்கில் இல்லாதவர்களாகிவிடுவார்கள். கணக்கில் இல்லாதவருக்குப் பங்கும் இல்லை. ஆகவே பாரத்தை உண்மையாக, முழுமையாக நிரப்புவோம். பிறர் கொண்டுவரும் எண்ணையோ நன்றாக நிறுத்துப் பார்த்தே வாங்குவோம்.